கார் கவர்: நெல்லையின் மழைக்கும் பனிக்கும் எது தாங்கும்?

திருநெல்வேலியில் கார் கவர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி உள்ள எறங்காதுல்லா?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. ஆனால் ஐப்பசி முதல் தை வரை இந்த ஊரில் வண்டியைக் கெடுப்பது மேலே இருந்து விழுகிற தண்ணீரை விட, கவருக்குள்ளே மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் நிற்கிற ஈரம்தான். மழைத்தண்ணீர் பெயிண்ட்டில் பட்டு வழிந்து காய்ந்துபோனால் பெரிய கெடுதல் இல்லை. அதே ஈரத்தை நாள்கணக்கில் மூடி வைத்தால் வினை.

அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெட்டவெளியில் நிற்கிற வண்டிக்கு, ஆவி வெளியேறுகிற மூன்றடுக்கு நான்-வோவன் (நெய்யாத துணி) கவர்தான் இந்தப் பருவத்துக்குச் சரி. பளபளக்கிற சில்வர் டஃபெட்டா (மெல்லிய பாலியெஸ்டர் துணி) கவர், தினமும் வண்டியை எடுப்பவருக்கு மட்டும். உள்ளே பஞ்சுத்துணி வைத்த கவர் கார் ஷெட்டுக்குள் நிற்கிற வண்டிக்கு. படுதா யாருக்கும் வேண்டாம்.

நம்ம ஊர்ப் பனிக்காலத்தில் உறைபனி கிடையாது. மார்கழி விடியற்காலையிலும் பாளையங்கோட்டையில் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆக, கவருக்குக் குளிரைத் தடுக்கிற வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழி, தையில் இரவுப் பனி, பகலில் சுள்ளென்று வெயில். இந்த இரண்டையும்தான் அது சமாளிக்க வேண்டும். இரண்டும் கவரைச் சோதிக்கிற விதம் வேறுவேறு.

பனி எப்படி விழுகிறது என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் காரின் கூரைத் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற காற்றை விடவும் குளிர்ந்துபோகிறது. காற்றில் இருக்கிற ஈரம் அந்தத் தகட்டில் திவலையாகப் படிகிறது. கவர் போட்டிருந்தால் அது கவரின் மேல் படியும், அது நல்லதுதான். ஆனால் கீழே மண் ஈரமாக இருந்தால் அங்கிருந்து ஆவி எழும்பிக் கவருக்குள் போகும். கவர் ஆவியை வெளியே விடாத துணி என்றால், அதன் உள்பக்கத்திலேயே தண்ணீர் கோத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பெயிண்ட்டில் விழும். காலையில் கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒழுகுது" என்று பலர் கடையில் சண்டைக்குப் போவது இதற்குத்தான். அது ஒழுகல் இல்லை, வியர்வை. தாமிரபரணி பாசனத்தில் பிசானப் பயிர் நிற்கிற மாதங்கள் இவை. சேரன்மகாதேவி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சி பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில் இந்த வியர்வை இன்னும் அதிகம்.

சில்வர் டஃபெட்டாவைப் பார்ப்போம். சீட் கவர் கடைகளில் அதிகம் விற்பது இதுதான். பெட்டியில் 190டி என்று போட்டிருக்கும். அது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை இழை என்கிற கணக்கு. தண்ணீர் தாங்குவதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. தண்ணீரைத் தடுப்பது துணியின் மேல் கொடுத்திருக்கிற பூச்சு. துணி மெல்லியது, சதுர மீட்டருக்கு 60, 70 கிராம்தான் வரும். சிறிய காருக்குச் சுமார் 600 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். எடை குறைவு, சீக்கிரம் காயும், சின்னப் பையில் அடங்கும். தினமும் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரவு திரும்புகிறவருக்கு இந்த மூன்றும் பெரிய வசதி. ஒரு கையால் சுருட்டிவிடலாம்.

அதன் குறை பூச்சில் இருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் அந்தப் பூச்சு வெந்து, முதலில் கூரை மேலும் பானெட் மேலும் வருகிற இடத்தில் வெடிப்பு விடும். பூச்சு வெளிப்பக்கம் இருந்தால் அந்த இடத்தில் ஒழுகத் தொடங்கும். உள்பக்கம் இருந்தால் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்து ஈரத்தோடு சேர்ந்து பெயிண்ட்டில் ஒட்டும். கறுப்பு, அடர்நீலம், மெரூன் வண்டிகளில் அது பளிச்சென்று தெரியும். தையல் இன்னொரு பலவீனம். ஊசி போன ஓட்டையெல்லாம் தண்ணீர் வழி. கூரையின் நடுவில் நீளவாக்கில் தையல் ஓடுகிற கவரை எடுக்க வேண்டாம். தண்ணீர் தேங்குகிற இடமே அதுதான். தையல் பக்கவாட்டில் இருந்து, உள்ளே டேப் ஒட்டியிருந்தால் நல்லது.

மூன்றடுக்கு நான்-வோவன் கவர் நெய்த துணி இல்லை. பாலிபுரோப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தது. வெளி அடுக்கும் உள் அடுக்கும் பலத்துக்கு. நடுவே இருக்கிற நுண்ணிய இழை அடுக்கு தண்ணீர்ச் சொட்டை நிறுத்திவிட்டு ஆவியை மட்டும் விடுகிறது. நடுவில் வெறும் பிளாஸ்டிக் ஃபிலிம் வைத்து "மூன்றடுக்கு" என்று விற்பதும் உண்டு. அது தண்ணீரை நன்றாகவே தடுக்கும், ஆவியையும் சேர்த்துத் தடுக்கும். நமக்கு அது டஃபெட்டாவை விட மேல் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ஒரு டம்ளரில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, கவரின் ஓரத்தை அதன் வாய்மேல் இழுத்துப் பிடித்து, அதற்கு மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைக் காட்டுங்கள். ஒரு நிமிஷத்தில் தட்டில் ஆவி படிந்தால் துணி மூச்சு விடுகிறது என்று அர்த்தம். தட்டு காய்ந்தே இருந்தால் அது பிளாஸ்டிக்.

தண்ணீர் தாங்குமா என்று பார்க்க, துணியைக் கிண்ணம் போலக் குழித்துப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்து, அடியில் விரலால் தடவிப் பாருங்கள். விரல் ஈரமாகக் கூடாது. நல்ல நான்-வோவன் இதில் தேறும். ஆனால் ஒன்று: விடாத மழையில், துணி வண்டியோடு அழுந்தியிருக்கிற மூலைகளில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அது குறைதான். ஆனால் மழை விட்டதும் அந்தக் கசிவு தானே ஆவியாகப் போய்விடும் என்பதால், இந்தக் குறையை ஏற்றுக்கொள்வது மேல்.

சிறிய காருக்கு 2,000 ரூபாய்க்கு மேல், பெரிய வண்டிக்கு 3,500, 4,000 வரை ஆகும். சதுர மீட்டருக்கு 150 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள். வெளி அடுக்கில் புற ஊதாக் கதிர்த் தடுப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பாலிபுரோப்பிலீனுக்கு எதிரி வெயில். தடுப்பு இல்லாத துணி ஒரு சித்திரை, வைகாசியிலேயே நொறுங்கி, நகத்தால் சுரண்டினால் பஞ்சு பஞ்சாக வந்துவிடும். சூடும் ஆகாது. பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். பாலிபுரோப்பிலீனுக்கு 160, 165 போதும். நீண்ட தூரம் ஓடிவந்த வண்டியின் சைலன்சர் முனை மேல் போட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி அரை மணியாவது ஆறவிட்டுப் போடுவது எல்லாக் கவருக்கும் பொது விதி. இதற்கு இன்னும் கறாராக.

ஐந்தடுக்கு, ஏழடுக்கு என்று வருபவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அடுக்கு கூடக் கூட எடை கூடுகிறது. நனைந்த கவரை ஒரே ஆளால் தூக்க முடியாமல் போகும். கார்த்திகையில் காயவும் காயாது. காயாத கவர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஈரத்துணிதான்.

பஞ்சுத்துணி உள்வைத்த கவர் பெயிண்ட்டுக்கு மெத்தென்று இருக்கும், கீறாது. கூரை உள்ள இடத்தில் இதை மிஞ்சியது இல்லை. மழையில் நனைந்தால் மட்டும் பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாலைந்து நாள் காயாது, பூஞ்சை வாடை வரும். கூரையையும் கண்ணாடியையும் மட்டும் மூடுகிற அரைக் கவர், வேப்பமர நிழலில் பகலில் நிறுத்துகிறவருக்குச் சுலபம், மழைக்கு ஆகாது. படுதா போடுகிறவர்கள் கிராமப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அதன் முரட்டுப் பரப்பும் ஓரத்து வளையங்களும் காற்றில் அடித்து அடித்து, பெயிண்ட்டுக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டைத் தேய்த்துவிடும். கிளியர் கோட்டின் கனமே 40, 50 மைக்ரான்தான். தேய்ந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய அதில் சதை கிடையாது.

துணியைத் தேர்ந்துவிட்டால் அடுத்தது அளவு. மலிவான துணி சரியான அளவில் இருப்பது, நல்ல துணி தொளதொளவென்று இருப்பதை விட மேல். வண்டியின் நீளத்தை மட்டும் சொல்லிக் கவர் வாங்குவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. டிசையரும் பிரெஸ்ஸாவும் ஒரே நீளம், 3,995 மில்லிமீட்டர். ஆனால் டிசையரின் உயரம் ஏறக்குறைய 1,520. பிரெஸ்ஸாவின் உயரம் 1,685. வேகன் ஆர் ஸ்விஃப்டை விட நீளத்தில் குறைவு, ஆனால் உயரத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் கூடுதல். செடான் வண்டிக்கு ஹேட்ச்பேக் கவரைப் போட்டால் டிக்கிக்கு மேல் துணி தொங்கிப் பை விழும். மழைத்தண்ணீர் அந்தப் பையில் குளமாகத் தேங்கி, கவரை இழுத்து, முன்பக்க எலாஸ்டிக்கைக் கழற்றிவிடும். ஆகவே வண்டியின் பெயரோடு எந்த வருஷத்து மாடல், கூரையில் ரெயில் கம்பி இருக்கிறதா, ஆன்டெனா கம்பியா சுறாத்துடுப்பு மாதிரியா என்பதையும் சொல்லி வாங்குங்கள். பக்கக் கண்ணாடிக்குப் பை தைத்திருக்க வேண்டும். பை இல்லாத கவர் கண்ணாடியின் முனையில்தான் முதலில் கிழியும்.

கீழ் ஓரம் சக்கரத்தின் நடுமட்டம் தாண்டி, பம்பரின் அடி விளிம்பைப் பிடிக்கும்படி நின்றால் போதும். தரையில் புரளக் கூடாது. புரண்டால் சேற்றைக் குடித்து மேலே ஏற்றும், அடியில் காற்றோட்டத்தையும் அடைக்கும். முன்னும் பின்னும் மட்டும் எலாஸ்டிக் இருந்தால் பத்தாது; நடுவில் வண்டிக்கு அடியில் போய் மறுபக்கம் மாட்டுகிற பட்டையும் பக்கிளும் வேண்டும். அது இல்லாத கவருக்கு, சீட் கவர் தைக்கிற கடையில் இரண்டு பட்டை வைத்துத் தைத்துத் தருவார்கள். செய்யத் தகுந்த செலவு. பக்கிள் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. இரும்பு துருப்பிடித்துக் கறை விடும், கதவிலும் இடிக்கும்.

இனிப் போடுகிற முறை. வண்டி தூசியோடு இருந்தால் கவர் உப்புத்தாள் வேலை செய்யும். கவர் ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடியில் இருக்கிற மணல் பெயிண்ட்டில் வட்டவட்டமாகக் கீறும். திசையன்விளை, இட்டமொழி பக்கம் தேரி மண் (செம்மணல்) படிகிற ஊர்களில் இது மிக முக்கியம். கழுவிவிட்டுப் போடுவதென்றால் தண்ணீர் எது என்று பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் வருகிற தெருவில் கவலை இல்லை. போர் தண்ணீர் கடினமான தண்ணீராக இருந்தால், துடைக்காமல் காயவிட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். அதன்மேல் கவரையும் மூடிவிட்டால் அந்தப் புள்ளி நிரந்தரமாகிவிடலாம். கழுவியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, கதவு, டிக்கி இடுக்குகளில் நிற்கிற தண்ணீரை வடித்து, கால் மணி நேரம் காற்றாட விட்டு அப்புறம் மூடுங்கள்.

கவரைச் சுருளாகக் கூரை நடுவில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் உருட்டி விரித்து, முதலில் கண்ணாடிப் பைகளை மாட்டி, பிறகு முன் பம்பர், பின் பம்பர் என எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுக் கடைசியில் பட்டையைப் பூட்டவும். தரையில் இழுத்துக்கொண்டு வந்து போடாதீர்கள்; உள்பக்கம் ஒட்டிய ஒரு கல் போதும், பானெட் முழுக்கக் கோடு விழ. எடுக்கும்போது இரண்டு பக்கத்தையும் கூரைமேல் மடித்துப் போட்டு, பின்னாலிருந்து முன்னால் சுருட்டினால் வெளி அழுக்கு வெளி அழுக்கோடும் உள்பக்கம் உள்பக்கத்தோடும் சேரும்.

மார்கழியில் தினமும் வரும் சிக்கல்: காலையில் கவர் பனியில் நனைந்து நிற்கும், வண்டியோ உடனே கிளம்ப வேண்டும். தரை துடைக்கிற ரப்பர் வைப்பரால் கவரின் மேலே இருக்கிற தண்ணீரை ஒரு வீச்சு இழுத்துத் தள்ளிவிட்டுச் சுருட்டுங்கள். சுருட்டியதை டிக்கிக்குள் போடாதீர்கள். மூடிய டிக்கியில் பகல் முழுக்க வேகிற ஈரத்துணி சாயங்காலத்துக்குள் வாடை பிடிக்கும். காம்பவுண்டு சுவரிலோ கொடியிலோ போட்டுவிட்டுப் போனால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வீட்டில் ஆள் இல்லையென்றால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் தளர்வாக வையுங்கள்.

அடைமழையில் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். நனைந்து வந்த வண்டியை மூடவே மூடாதீர்கள். மழை விட்டு, துடைத்து, காய்ந்த பிறகு கவர். அதுவரை திறந்தே நிற்கட்டும், ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே மூடி வைத்த வண்டி என்றால், மழை இரண்டு மணி நேரம் விடுகிற சமயம் பார்த்துக் கவரை எடுத்து, நான்கு கதவையும் திறந்து, கால்மேட்டை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். ஈரமான கால்மேட்டை உள்ளே வைத்து மூடினால், முதலில் சீட் பெல்ட்டிலும் ஸ்டியரிங்கிலும் வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். வாரக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரத்தில் பின்சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ பிடித்துக்கொள்ளும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அண்டக்கொடுப்பது போதும். டிஸ்க்கில் ஒரே இரவில் படிகிற செம்மஞ்சள் துருவுக்குப் பயப்பட வேண்டாம்; கிளம்பி நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

டிங்கரிங் பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்த வண்டிக்கு ஒரு மாதம் கவரே கூடாது. பெயிண்ட்டில் இருக்கிற தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். ஈரத்தோடு மூடினால் அந்த இடம் வெளுக்கும், கொப்புளமும் விடும்.

எலி, பெருச்சாளி. வயலிலும் சாக்கடையிலும் தண்ணீர் ஏறியதும் அவை காய்ந்த, இருட்டான இடம் தேடும். கவர் போட்ட வண்டியின் எஞ்சின் அறை அவற்றுக்கு நல்ல வீடு. வயரைக் கடித்துவிட்டால் செலவு கவர் விலையைப் போலப் பல மடங்கு. வாரத்துக்கு இரண்டு முறையாவது பானெட்டைத் திறந்து பார்ப்பது, வண்டிக்குள் தின்பண்டம் வைக்காமல் இருப்பது, கீழ் ஓரத்தில் தரைக்கும் துணிக்கும் இடைவெளி விடுவது, இவைதான் நம்பகமானவை. கவர் மேல் படுக்கிற பூனையின் நகத்துக்கு டஃபெட்டா தாங்காது. நான்-வோவன் கொஞ்சம் தாங்கும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரையில் வண்டிமேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துகொள்ளும். இந்த மாதங்களில் இரவெல்லாம் அப்படித்தான். ஆவி விடாத கவரை அங்கே பயன்படுத்தினால் வண்டி உப்புத் தண்ணீரில் ஊறுவதற்குச் சமம். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு நான்-வோவன் போடுங்கள். கவரையும் மாதம் ஒருமுறை அலசுங்கள். பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் பறவைகள் தெரு மரங்களிலேயே கூடு கட்டுகிற காலமும் இதோடு தொடங்குகிறது. எச்சத்தில் இருக்கிற யூரிக் அமிலம் கிளியர் கோட்டை அரித்துத் தடம் விடும் என்பதால், அங்கே மரத்தடியில் நிறுத்தினால் கவர் இல்லாமல் தீராது. எச்சம் காய்ந்த கவரை அப்படியே மடிக்காமல், ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மடியுங்கள்.

வெள்ளத்துக்குக் கவர் எந்த விதத்திலும் உதவாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்களெல்லாம் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ரெட் அலர்ட் வருகிற நாளில் கவரைக் கழற்றி வீட்டுக்குள் போட்டுவிட்டு, வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். கவரோடு தண்ணீரில் நிற்கும் வண்டியில் வண்டல் துணிக்குள்ளே தங்கிவிடும், தண்ணீர் வடிந்த பிறகும் கதவு இடுக்குகள் காயாது.

கவரைத் துவைக்க வாஷிங் மெஷின் ஆகாது. சுழற்சியில் பூச்சும் அடுக்கும் பிரிந்துவிடும். சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முறுக்காமல் தொங்கவிட்டுக் காயவையுங்கள். நேர்வெயில் வேண்டாம், காற்றோட்டமான நிழல் போதும். மாற்ற வேண்டிய நேரம் எது என்றால்: டஃபெட்டாவில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்தால் சாம்பல் நிறம் ஒட்டுகிறபோது, நான்-வோவனில் இழுத்துப் பார்க்கையில் துணி நீளாமல் சட்டென்று கிழிகிறபோது, எலாஸ்டிக் தளர்ந்து காற்றில் ஓரம் தூக்குகிறபோது. இவற்றில் எலாஸ்டிக் மட்டும் என்றால் சீட் கவர் கடையில் மாற்றித் தைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் புதுசுதான். பழைய கவர் விறகை மூடவோ சைக்கிளை மூடவோ ஆகும், வண்டிமேல் இனி வேண்டாம்.